சும்மா ஓடுகிற பெட்டி

எஞ்சினியர் சேர் எங்கள் குளிரறைக்கு முதன்முதல் வந்த அன்று ஒருவருடனும் கதைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மின்பலகை அறைக்குள் போய், ஓடிக்கொண்டிருந்த பழைய கொன்ட்ரோலரின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பக்கத்தில் திரை இருந்தது. எல்லாம் சரியென்று அதில் பச்சை எழுத்தில் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்குத் திரையை வாசிக்கத் தெரியாதோ, அல்லது எங்களுக்கு வித்தை காட்டுகிறாரோ என்று மனதுக்குள் ஓடியது. அந்த நாட்களில் எனக்கு எல்லாரிலும் சந்தேகம். அப்படிச் சந்தேகப்பட எனக்குக் காரணமும் இருந்தது.

நான் வேலை செய்வது அச்சுவேலிப் பக்கத்தில், விவசாயிகள் சங்கம் ஒன்று நடத்துகிற விதைக்கிழங்குக் குளிரறையில். மாசி, பங்குனியில் உருளைக்கிழங்கு கிண்டி முடிந்ததும், அடுத்த நடுகைக்கு விதையாகும் என்று தெரிந்தெடுத்த கிழங்கைச் சனம் மூடை மூடையாக இங்கே கொண்டுவந்து அடுக்கும். மழை பெய்து நிலம் பதப்பட்டு, கார்த்திகையில் எடுக்கும் வரைக்கும் அது இங்கேதான் உறங்க வேண்டும். சூடு ஏறினால் கிழங்கு வியர்த்து அழுகும். குளிர் கூடிப்போனாலும் உயிர் போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குளிரில், கோடை முழுவதும் பிடித்து வைத்திருக்க வேண்டும். குளிரூட்டும் கொம்பிரசர்களையும் விசிறிகளையும் எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று அளந்து அளந்து கட்டளையிடுகிறதுதான் அந்தக் கொன்ட்ரோலர். எங்கள் வாயில் அது பெட்டி. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் போனவன், கணிதம் ஏறவில்லை. பெட்டி என்ன சொல்லுகிறது என்று வெளி அறைத் திரையில் பார்த்திருப்பதும், குளிரறைக் கதவுகளைக் காவல் காப்பதும் என் வேலை. என்னுடைய தோட்டத்து விதையும் அங்கேதான் கிடந்தது.

சேர் வருவதற்கு முந்தின வருஷம் அந்தப் பெட்டி எங்களை ஏமாற்றிவிட்டது. நின்றுபோயிருந்தால் நின்றது தெரிந்திருக்கும். அது நிற்கவில்லை, விறைத்துப்போனது. கடைசியாக அளந்த குளிரைத் திரையில் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு இருந்தது. திரையில் ஒரு குறையும் இல்லை. உள்ளே கிழங்கு வியர்த்துக்கொண்டிருந்தது. கதவு இடுக்கால் அழுகல் மணம் வெளியே வந்த பிறகுதான் திறந்து பார்த்தோம். அந்த வருஷம் எத்தனையோ பேர் நடுகைக்கு விதையில்லாமல் நிலத்தைச் சும்மா போட்டார்கள். நான் நித்திரை கொண்டுவிட்டேன் என்றார்கள் சிலர். கடமை நேரத்தில் கோயிலுக்குப் போய்விட்டேன் என்றார்கள் வேறு சிலர். பெட்டி பொய் சொன்னது என்று நான் சொன்னால் யார் நம்புவது? பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது, மனிசருக்குத்தான் தெரியும் என்றுதான் சனத்தின் எண்ணம். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் தீபம் காட்டும் நேரம், எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் எனக்குக் கேட்கக்கூடியதாகவே பக்கத்து ஆளிடம் சொன்னார்: "உவர் இஞ்சை விழுந்து விழுந்து கும்பிடுறார். அங்கை எங்கடை விதை அழுகுது."

அன்று நான் திருநீறு வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். மனைவி ஏன் என்று கேட்டாள். இன்னொரு முறை விதை அழுகினால் அந்தக் கோயில் வாசலுக்கு எந்த முகத்தோடு போவேன் என்பதே அதற்குப் பிறகு என் நினைவாய் இருந்தது. அடுத்த பருவம் தொடங்கியதும் குளிரறைக் கதவின் கண்ணாடித் துவாரத்துக்கு நேரே, உள்ளே ஒரு கண்ணாடி வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டேன். திரையை ஒருதரம் பார்த்தால் அதை இரண்டுதரம் பார்ப்பேன்.

சங்கம் கூடி, இனி ஒரு பெட்டியை நம்பியிருக்க முடியாது, இரண்டு வைப்போம் என்று முடிவெடுத்தது. அதைப் பூட்டித் தரத்தான் சேர் வந்தார். கொக்குவில் ஆள். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள்; மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு கொழும்பில் படித்து, வளைகுடா நாடொன்றில் எரிவாயு ஆலையில் கன வருஷம் வேலை செய்துவிட்டுத் தாயைப் பார்க்கவென்று திரும்பி வந்திருந்தார். என்னிலும் பார்க்க மிகவும் இளையவர். ஆனாலும் எல்லாரும் சேர் என்றோம். அவர் என்னை அண்ணை என்றார். என் மனைவியின் தம்பியையும் அண்ணை என்றார். அந்த மச்சான்தான் எங்கள் குளிரறையின் எலெக்ரீசியன். மின்பலகை அறைத் திறப்பு அவனுடைய இடுப்பில்தான் எப்போதும் தொங்கும்.

சேர் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளும் அச்சு அசல் ஒன்று போலவே இருந்தன. பக்கம் பக்கமாகப் பூட்டி, நடுவே மெல்லிய மஞ்சள் வயர் ஒன்றால் இரண்டையும் இணைத்தார். ஒன்று கட்டளையிடும். மற்றது கட்டளை ஒன்றும் இடாது. ஆனால் முதலாவது பார்க்கிற எல்லாவற்றையும் தானும் பார்த்து, அது போடுகிற கணக்கையெல்லாம் தானும் போட்டுக்கொண்டு, கூடவே ஓடும். நீ இருக்கிறாயா, இருக்கிறாயா என்று அந்த வயர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராத கணத்தில் கட்டளையைத் தான் வாங்கிக்கொள்ளும். கொம்பிரசருக்கு ஆள் மாறினதே தெரியாது. இதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன விளக்கம்.

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "அத்தான், ஒரு மணவறையிலை ரெண்டு மாப்பிள்ளையை இருத்தின மாதிரியெல்லோ கிடக்கு. ஒருத்தன் தாலி கட்டுறான். மற்றவன் என்னத்துக்கு வேட்டி சால்வையோடை சும்மா இருக்கிறான்?"

சேர் குனிந்து வயரை முறுக்கியபடியே, "தோழன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றார். "ஆனா இவன் தேவைப்பட்டால் தாலியும் கட்டுவான்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்குள் சிரிப்பு நிலைக்கவில்லை. சும்மா ஓடுகிற ஒன்றை ஏன் வைக்கிறார்கள்? முதலாவதை வேவு பார்க்கவா, எங்களை வேவு பார்க்கவா? நாங்கள் எப்போது திரையடியில் இருக்கிறோம், எப்போது எழும்பிப் போகிறோம் என்று கொழும்புக்கு அறிவிக்கும் பெட்டி அது என்று வாசல் காவலாளி அடித்துச் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று தெரியாது. ஆனால் நான் அதற்குப் பிறகு அந்த அறைப்பக்கம் திரும்பிக் கொட்டாவி விட்டதில்லை.

சேருக்கோ எங்களில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் சந்தேகம். பலகையின் கதவில் நாங்கள் ஒட்டி வைத்திருந்த பிள்ளையார் படத்தையும், அதன் முன் இருந்த ஊதுபத்தித் தட்டையும் வேலை தொடங்கிய முதல் நாளே கழற்றினார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வேதக்காரர், அவருக்கு என்ன என்று நினைத்தேன். அவர் படத்தை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய், மட்டம் பார்க்கிற கருவியை வைத்துக் கோணாமல் அடித்துவிட்டு, "பிள்ளையார் வெளியிலை நிண்டு பாக்கட்டும் அண்ணை. உள்ளுக்கை சாம்பல் போனால் விசிறி நிண்டிடும்," என்றார். சொன்னது நியாயம்தான். ஆனாலும் படத்தை எடுத்த கை எது என்று என் மனம் கணக்கு வைத்துக்கொண்டது.

இன்னொரு நாள், இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரம் வருகிற வயர்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சுவர் வழியே கடைசி வரைக்கும் நடந்துபோய், மச்சானைக் கூப்பிட்டார். "அண்ணை, ரெண்டு பேரும் ஒரே கிணத்திலை தானே தண்ணி அள்ளுகினம்?" மச்சான் இரண்டு வயர்களையும் ஒரே சுவிட்சில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். அந்தக் கிணறு வற்றினால் இரண்டும் ஒன்றாகச் சாகும் என்பது சேரின் கணக்கு. வளைகுடாவில் அப்படி ஒன்று நடந்ததைக் கண்ணால் கண்டவராம். சுவரைக் கிளறி இரண்டாவது பெட்டிக்கு வேறொரு வழியால், வேறொரு பட்டரியோடு மின்சாரம் இழுக்க வைத்தார். போதாததற்கு, இரண்டு பெட்டிகளும் செத்தாலும் கொம்பிரசரைக் கையால் ஓட்டி நிறுத்தக்கூடிய சுவிட்சுகளை வெளி அறைச் சுவரில் பூட்டச் சொன்னார். இரண்டு வைத்த பிறகும் நம்பிக்கை இல்லையா என்று முகாமையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "எதையும் நம்பாதேங்கோ சேர். வயரை இழுத்துப் பாருங்கோ," என்று அவர் முகாமையாளருக்கே சொன்னார். அந்தச் சொல் எங்களுக்குள் பகிடியாகிவிட்டது. மதியம் சோற்றுப் பாசலை அவிழ்க்கும்போது, உள்ளே மீன் இருக்கோ, இழுத்துப் பாருங்கோ என்பான் மச்சான்.

இழுத்துப் பார்க்கிற நாளும் வந்தது. குளிரறை நிரம்ப விதை. சங்கத் தலைவர், முகாமையாளர் எல்லாரும் சுற்றி நிற்க, ஓடிக்கொண்டிருந்த முதலாவது பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தும்படி சேர் என்னைக் கேட்டார். கை வரவில்லை. பிள்ளையாரே என்று எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டினேன். கொம்பிரசர்களின் இரைச்சலில் ஒரு சிறு மாற்றமும் இல்லை. இரண்டாவது பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் இடம் மாறி எரிந்தது. நான் ஓடிப்போய்க் கண்ணாடி வெப்பமானியைப் பார்த்தேன். சேர் என் பின்னால் வந்து, தானும் எட்டிப் பார்த்தார். அந்த வெப்பமானியைப் பற்றி ஒருவரும் அதுவரை நல்லதாய் ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை. துவாரத்தின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்த மஞ்சள் முக்கோணம் வரத் தொடங்கியது. சேர் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போன சில நாட்களில், என் திரையின் மூலையில் மஞ்சளாய் ஒரு முக்கோணம் மினுங்கியது. இரண்டாவது பெட்டியின் சத்தம் கேட்கவில்லை என்பது அதன் கருத்து. மின்பலகை அறை பூட்டியிருந்தது, மச்சானைக் கேட்டேன். அது சேரின் விஷயம், புதுப்பெட்டி பழக நாள் எடுக்கும் என்றான். நான் சேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மச்சான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால், எல்லாம் பச்சை. முக்கோணமும் இல்லை. இரண்டாவது பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு காணாது," என்று தனக்குள் சொன்னார். வயரெல்லாம் சோதித்தார். ஒரு பிழையும் பிடிபடவில்லை. அவர் போனார், முக்கோணம் திரும்ப வந்தது. கூப்பிட்டேன், வந்தார், பச்சை. இப்படியே நடந்தது.

எனக்குச் சந்தேகம் சேரில்தான் விழுந்தது. அவர் போனால் பெட்டிக்கு வருத்தம் வருகிறது, வந்தால் சுகமாகிறது என்றால் வைத்தியரையல்லவா பார்க்க வேண்டும்? எங்களை விட்டுப் போகாமல் இருக்க உள்ளே ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். முகாமையாளரும் அதைத்தான் நினைத்தார். சேரோ எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் வாசலில் நின்று, "ஆரோ விளையாடுகினம் அண்ணை," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது என் கண்ணையே பார்த்தார். போன வருஷக் கதை அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று விளங்கியது.

கிடந்து யோசித்தபோது எனக்கு வேறொன்று தட்டியது. மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் தமக்கை போட்டுக் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கூட எடுத்து வைக்கிறவன் இல்லை. அவன் எப்போது தொடக்கம் வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறவன் ஆனான்? அதுவும் சேருக்கு மட்டும், அதுவும் அவர் மின்பலகை அறைக்குள் போகுமுன்னம்? இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. மனைவியிடம் சொன்னேன். தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் என்று அவள் எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி மழை தொடங்கியது. விதை எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பின்னேரம் வானம் கறுத்து, மழைக்கு முன்னமே இடி விழுந்தது. பனங்கூடலுக்குள் எங்கோ விழுந்திருக்க வேண்டும், தரை அதிர்ந்தது. விளக்கு ஒருதரம் அணைந்து வந்தது. அதற்குப் பிறகு ஒரு அமைதி. அந்த அமைதிக்கு என் காது எத்தனையோ நாள் பயந்து காத்திருந்தது. கொம்பிரசர்கள் நின்றுவிட்டன. விசிறிகள் ஓய்ந்து ஓய்ந்து நின்றன. திரை இருண்டு கிடந்தது. இரண்டாவது பெட்டி கட்டளையை வாங்கவில்லை.

மச்சான் எங்கிருந்தோ ஓடி வந்தான். திறப்பைப் போட்டு மின்பலகை அறையைத் திறந்தான். எரிந்த மணம் அடித்தது. முதலாவது பெட்டியில் ஒரு வெளிச்சமும் இல்லை. இரண்டாவது பெட்டியின் மேல் பொலித்தீன் உறையொன்று சுற்றி, நூலால் கட்டியிருந்தது. உறைக்கு மேலே திருநீற்றுக் குறி. அவன் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு அதன் சுவிட்சைப் போட்டதை நான் கண்ணால் கண்டேன். பெட்டி விழித்தது. வெளிச்சங்கள் ஓடின. ஆனால் பச்சை வரவில்லை. சிவப்பு மினுங்கிக்கொண்டே நின்றது. கொம்பிரசர் ஒன்றும் அசையவில்லை. மச்சான் அதைத் தட்டிப் பார்த்தான், நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தான். "எழும்படா, எழும்பு," என்று ஒரு மாட்டிடம் கதைப்பது போல அதனிடம் கதைத்தான்.

சேருக்குச் சொன்னேன். கதவைத் திறக்க வேண்டாம், கைச் சுவிட்சால் ஓட்டுங்கள், வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம் என்றார். நான் துவாரத்தடியில் நின்று கத்த, மச்சான் சுவரடியில் நின்று ஒவ்வொரு கொம்பிரசராகப் போட்டு நிறுத்தினான். ஏறினால் போடச் சொன்னேன், இறங்கினால் நிறுத்தச் சொன்னேன். பெட்டி இரவு பகலாய்ச் செய்துவந்த வேலை எவ்வளவு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு கணம் கண்ணிமைக்கப் பயம். வாய் தேவாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் பாதரசத்தில் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று குழப்பவில்லை.

சேர் தெப்பமாய் நனைந்து வந்தார். அன்று தேத்தண்ணி கொடுக்க ஆள் இல்லை. நேரே உள்ளே போய் இரண்டாவது பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு பக்கவாட்டிலும், பின்புறத்திலும் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து எங்கள் நடுவில் நின்றார். முகாமையாளரும் வந்து சேர்ந்திருந்தார்.

"இது இப்பத்தான் எழும்பியிருக்கு," என்றார் சேர். "இவ்வளவு நாளும் நித்திரை. ஆர் நிப்பாட்டி வைச்சது?"

முகாமையாளர் என்னைப் பார்த்தார். இந்த முறை சங்கத்துக்குச் சொல்லாமல் விட முடியாது என்று, என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். நான் கண்டதைச் சொன்னால் மனைவியின் கூடப்பிறந்தவன், சொல்லாவிட்டால் நான்தான். கோயில் வாசல் கண்ணுக்குள் வந்தது.

"அத்தானைப் பாக்காதேங்கோ," என்றான் மச்சான். சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான்தான் நிப்பாட்டினது."

ஏன் என்று சேர் கேட்டார். குரலில் கோபம் இருக்கவில்லை.

"சும்மா ஓடித் தேயுது சேர். ஒண்டு ஓடேக்கை மற்றது என்னத்துக்கு? அதை நல்லாப் பொத்தி வைச்சால், இது பழுதாகிற நேரம் புதுசாய் இருக்கும். போட்டால் ஓடும் எண்டு நினைச்சன். நீங்கள் வாற சத்தம் கேட்டால் உறையைக் கழட்டி, சுவிட்சைப் போட்டு விடுவன். நீங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிய அது எழும்பியிருக்கும். பேசுவியள் எண்டு பயம்."

நான் அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சண்டைக் காலத்தில், பொருள் ஒன்றும் உள்ளே வராத நாட்களில், ஊரிலுள்ள தண்ணீர் இறைக்கும் மிசின்களையெல்லாம் ஓட வைத்துக்கொண்டிருந்தவன் அவன். ஒரு பிளக் கிடைத்தால் அதைப் பூட்ட மாட்டான்; பழையதைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டிவிட்டுப் புதியதை எண்ணெய்த் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பான். இன்றைக்கும் அவன் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட் கடையில் வந்த உறையோடுதான் இருக்கிறது. அந்த நாளில் வாங்கிய சைக்கிள் ரியூப் ஒன்று கூரை வளையில் தொங்கித் தொங்கிப் பூட்டாமலே வெடித்துப்போனது. அதை எறியவும் அவனுக்கு மனம் வரவில்லை. அவனுடைய கையில் மிச்சம் என்று ஒன்று கிடைத்தால் அதைப் பொத்தி வைப்பதைத் தவிர வேறெதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. எங்களில் எத்தனை பேருடைய கை அப்படி என்று எண்ணிப் பார்த்தால், எனக்கு அவனில் வந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் நின்றது.

சேர் ஈரச் சட்டையோடு லப்டொப்பை விரித்தபடி அவனுக்குச் சொன்னார். அது பொத்தி வைக்கிற சாமான் இல்லையாம். கூட ஓடிக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் முதலாவதுக்குத் தெரிந்தது அதற்கும் தெரியும். நித்திரையிலிருந்து எழுப்பினால், சொல்லிக் கொடுக்க முதலாவதும் செத்துப்போயிருந்தால், எது ஓடுகிறது, எது நிற்கிறது, எவ்வளவு குளிர் என்று ஒன்றும் அறியாது. அறியாமல் கட்டளையிடுவதிலும் பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறது.

"ஓடியிருந்தால் உதுவும் எரிஞ்சிருக்குமே சேர்," என்றான் மச்சான். விட்டுக்கொடுக்க மனமில்லை.

"எரிஞ்சிருக்கலாம் அண்ணை. எரியாமலும் இருந்திருக்கலாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதபடியால்தான் வேறை கிணத்திலை தண்ணி இழுத்தது."

லப்டொப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லிக் கொடுத்து, அந்த இரண்டாவது பெட்டியை அவர் எழுப்பி நிறுத்தினார். அதுவரைக்கும் நானும் மச்சானும் இடத்தை விட்டு அசையவில்லை. பச்சை வந்து, கொம்பிரசர்கள் தாமாக ஓடத் தொடங்கிய பிறகும், மச்சான் சுவிட்சடியிலேயே நின்றான். நான் போய்த் தோளில் கை வைத்த பிறகுதான் நகர்ந்தான்.

எரிந்த பெட்டிக்குப் பதில் வேறொன்று வந்தது. அதைப் பூட்டிய அன்று சேர் ஒரு புதிய ஒழுங்கு செய்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கட்டளையை ஒன்றிடமிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும். ஒரு கிழமை இது, மறு கிழமை அது. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது போல. மாற்றுகிற பொறுப்பை மச்சானிடமே கொடுத்தார். அவனைத் தண்டிக்கத்தான் சங்கத்தில் சிலருக்கு விருப்பம். கள்ளனிடமே திறப்பைக் கொடுக்கிறாரே என்று முகாமையாளர் முணுமுணுத்தார். மச்சான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை முழுகி, திருநீறு பூசி வந்துதான் அதை மாற்றுகிறான். மாற்றி முடிந்ததும் இரண்டு பெட்டிகளின் மேலும் கையை வைத்துப் பார்க்கிறான். அவன் பார்த்துவிட்டுப் போன பிறகு நானும் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன். அது அவனுக்கும் தெரியும்.

கார்த்திகையில் விதைக்கு நாள் பார்த்துக் குளிரறையைத் திறந்தோம். சனம் லான்ட்மாஸ்டர் உழவு மிசின்களோடு வந்து வாசலை அடைத்து நின்றது. ஒருவருடைய முகத்திலும் சிரிப்பில்லை. ஊரெழுப் பக்கமிருந்து வந்த அம்மா ஒருவர் தன் மூடைகளை இறக்கியதும், ஒன்றின் வாயை அவிழ்த்து ஒரு கிழங்கை எடுத்தார். மடியிலிருந்து கத்தியை எடுத்து அதை இரண்டாய்ப் பிளந்து, மூக்கடியில் கொண்டுபோனார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதோடு ஏற்றுவார் என்று நினைத்தேன். இல்லை. அடியில் கிடந்த மூடையைப் பிரட்டச் சொல்லி, அதன் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வெட்டினார்.

"கோவிக்காதேங்கோ தம்பி," என்றார் என்னைப் பார்க்காமலே. மூன்றாவதையும் வெட்டினார். கண் உயிரோடு இருக்கிறதா என்று நகத்தால் மெல்லக் கிள்ளிப் பார்த்தார். விதையை இப்படி வெட்டி வீணாக்குகிறாரே என்று முகாமையாளர் முகம் சுளித்தார். எனக்கும் உள்ளே சுருக்கென்றது. போன வருஷத்துப் பேச்செல்லாம் திரும்ப வந்தது. பக்கத்தில் நின்ற சேரைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டிகளையும் பூட்டி முடித்த அன்று கூட அவருடைய முகத்தில் நான் காணாத ஒரு நிறைவு இருந்தது.

"நல்ல மனிசி," என்றார்.

சேரின் தாய் காலமான பிறகு அவர் திரும்ப வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இடைக்கிடை வட்ஸ்அப்பில் எழுதுவார். சுகம் விசாரிப்பதற்கு முன்னமே கேட்பது, கடைசியாய் எப்ப இழுத்துப் பாத்தனீங்கள் என்பதுதான். பதில் எழுதினால் அதையும் நம்பாமல் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். அனுப்புவேன். அவருக்காகப் பிள்ளையாரிடம் கேட்பேன். அவர் தன் ஆண்டவரிடம் எங்களுக்காகக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அதில் மட்டும் அவரை நான் சந்தேகப்பட்டதில்லை.

இந்த வருஷமும் விதை எடுக்கிற நாள் வந்தது. வாசலில் அதே நெரிசல், அதே இறுகின முகங்கள். ஒரு இளம் பெடியன் தன் தகப்பனின் மூடையை அவிழ்த்துக் கிழங்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டிப் பார்த்தால் நான் என்ன நினைப்பேனோ என்று கூச்சப்பட்டு நின்றான். வீட்டிலிருந்து வரும்போதே நான் குசினிக் கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்திருந்தேன். பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன்.

"வெட்டிப் பாரும் தம்பி," என்றேன். "அடி மூடையிலையும் ஒண்டு எடும்."